மலையகத்துக் குளிரில் பச்சைப் பிள்ளையை ஸ்லிங்கில் சுமப்பது: முழுமையான வழிகாட்டி

தள்ளுவண்டி நம் ஊருக்கு ஒத்துவராத சாமான். லயத்து வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கப் படிகள், அதற்கப்புறம் கருங்கல் துருத்தி நிற்கும் தோட்டப் பாதை, மழை பெய்தால் சேறு. வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஆசையாக அனுப்பிய தள்ளுவண்டி பல வீடுகளில் உடுப்புக் காயப்போடத்தான் உதவுகிறது. அதனால் ஸ்லிங், அதாவது பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிச் சுமக்கும் துணி, கொழும்பு வீடுகளைவிட நமக்குத்தான் அதிகம் பயன்படும். ஒரு கையில் குடை, மறு கையால் சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு இறங்கலாம். பிள்ளையும் சூட்டோடு நெஞ்சில் தூங்கும்.

ஆனால் இங்கே அதற்கென்றே ஒரு ஆபத்தும் இருக்கிறது. குளிர் என்றால் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மூடுவது. தலையை மூடுவோம், காதை மூடுவோம், காற்று அடித்தால் முகத்தையும் மூடிவிடுவோம். ஸ்லிங்கில் இருக்கும் பச்சைப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் குளிரைவிட மோசமானது. கட்டும் முறைகளைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். எந்தக் கட்டாக இருந்தாலும் மூக்கும் வாயும் வெளியே தெரியவேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

மூச்சுதான் முதல்

பிறந்த பிள்ளைக்குத் தலை பாரம், கழுத்தில் வலு இல்லை. மூச்சுக்குழாய் ஒடுக்கமானது, மிருதுவானது. தாடை நெஞ்சில் போய் மடிந்தால் அந்தக் குழாய் மடங்கி அடைபடும். நாமாக இருந்தால் தலையை நிமிர்த்திக்கொள்வோம். பிள்ளையால் முடியாது, சத்தமும் வராது. பார்ப்பவர்களுக்கு அது நிம்மதியாகத் தூங்குவதாகத்தான் தெரியும். முகம் துணியிலோ நம் நெஞ்சிலோ அழுந்தினாலும் இதே கதைதான்.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2010 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு சம்பந்தப்பட்ட மரணங்கள் குறைந்தது 14 என்றும், அதில் 12 பிள்ளைகள் நான்கு மாதம்கூட நிறையாதவர்கள் என்றும் அது சொன்னது. அதே மாதம், பை மாதிரித் தொங்கும் ஒரு வகை ஸ்லிங் சுமார் 10 இலட்சம் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிள்ளை அந்தப் பைக்குள் வளைந்து சுருண்டு கிடக்கும். தாடை நெஞ்சில் மடியாமல் இருக்க அதில் வழியே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பிரித்தானியாவில் ஸ்லிங் செய்பவர்களும் விற்பவர்களும் ஐந்து விதிகள் வகுத்தார்கள். இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். துணி இறுக்கமாக இருக்கவேண்டும். தொய்வாக இருந்தால் பிள்ளை உள்ளே சரிந்து சுருளும். குனிந்து பார்த்தால் முகம் எப்போதும் தெரியவேண்டும், துணியை விலக்கித்தான் பார்க்கவேண்டும் என்றால் கட்டு சரியில்லை. உச்சந்தலை நீங்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் முத்தமிடும் உயரத்தில் இருக்கவேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் ஒரு விரலாவது தாராளமாகப் போகவேண்டும். கடைசியாக முதுகு. பிள்ளையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். உடம்பு நிமிர்ந்து உங்களை நோக்கி நெருங்கினால் கட்டு தளர்ந்திருக்கிறது, அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

இந்த ஐந்தையும் நம் பெண்களுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. கொழுந்துக் கூடை முதுகோடு ஒட்டி உயரத்தில் நின்றால் மலை ஏறுவது சுகம், கயிறு தளர்ந்து கீழே இறங்கினால் இடுப்பு ஒடியும். முன்னால் சுமக்கும் பிள்ளைக்கும் அதே கணக்குத்தான்.

எதை வாங்குவது

பச்சைப் பிள்ளைக்கு மூன்று வகை பொருந்தும். முதலாவது இழுபடும் துணி ராப். நான்கரை ஐந்து மீற்றர் நீளமான பருத்தித் துணி, கொஞ்சம் இழுத்தால் நீளும். முதல் சில மாதங்களுக்கு இதைவிட மிருதுவானது இல்லை. இரண்டாவது ரிங் ஸ்லிங். இரண்டு மீற்றர் அளவு நெய்த துணி, ஒரு முனையில் இரண்டு வளையம். ஒரு தோளில் போட்டுக்கொள்வது, சீக்கிரம் மாட்டலாம், சீக்கிரம் கழற்றலாம். மூன்றாவது பக்கிள் கேரியர். இடுப்புப் பட்டியும் தோள் பட்டியும் வைத்துத் தைத்தது. அப்பாமாருக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பெரும்பாலானவற்றில் குறைந்தபட்ச எடை 3.2 கிலோவுக்கும் 4 கிலோவுக்கும் இடையில் போட்டிருக்கும். சிலவற்றுக்குள் சின்னப் பிள்ளைக்கென்று தனி மெத்தையும் வேண்டும். பெட்டியில் போட்டிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

பை மாதிரித் தொங்கும் ஸ்லிங், பிள்ளையைப் படுக்கப்போட்டுத் தோளில் மாட்டும் கேரியர் இரண்டையும் யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம். டவுன் கடைகளில் குறைந்த விலைக்குத் தொங்கும் சில கேரியர்களில் பிள்ளையின் கால் நடுவில் ஒரு ஒடுங்கிய பட்டிதான் இருக்கும், கால் இரண்டும் நேராகக் கீழே தொங்கும். அது உடனே ஆபத்து இல்லை, ஆனால் பிள்ளைக்கும் சுகமில்லை, இடுப்பு மூட்டுக்கும் நல்லதில்லை. பழைய கேரியர் கைமாறி வந்தால் தையலையும் பக்கிளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சேலையைப் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நெருக்கமாக நெய்த பருத்திச் சேலை என்றால் பயன்படுத்தலாம். மருதமுனைக் கைத்தறி மாதிரியான துணி நன்றாகப் பிடிக்கும். நைலெக்ஸ், பட்டு, வழுக்கும் துணி எதுவும் வேண்டாம், முடிச்சு தானாக இளகும். பழைய வொயில் சேலை மிருதுவாக இருக்கும்தான், ஆனால் நைந்த இடத்தில் சட்டென்று கிழியும். துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்காவது இழை விலகியிருந்தால் அது தொட்டிலுக்கும் வேண்டாம், ஸ்லிங்குக்கும் வேண்டாம். வீட்டில் ரிங் ஸ்லிங் தைப்பதாக இருந்தால் திரைச்சீலை வளையத்தையோ சாவி வளையத்தையோ போடாதீர்கள். ஒட்டு இருக்கும் வளையம் அந்த ஒட்டிலேயே விட்டுவிடும். ஸ்லிங்குக்கென்றே ஒட்டில்லாமல் செய்த வளையம் ஒன்லைனில் கிடைக்கிறது.

பிள்ளையும் தாயும் தயாரா

நிறைமாதத்தில், 2.5 கிலோவுக்குக் குறையாமல், சுகமாகப் பிறந்த பிள்ளை என்றால் முதல் கிழமைகளிலேயே பழகலாம். முன்கூட்டிப் பிறந்தது, எடை குறைந்தது, மூச்சுக் கோளாறு வந்தது, தசை தளர்வாக இருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவேண்டாம். தோட்டப்புறங்களில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கிளினிக் புத்தகத்தில் எடை எழுதியிருக்கும். வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் ஸ்லிங்கைக் காட்டிக் கேளுங்கள். பிள்ளையை அதில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

எடை குறைந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் கங்காரு பராமரிப்பு வேறு விஷயம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை அது. இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், உடுப்பில்லாத பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த பிள்ளைகளுக்கு அதை நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைக்கிறது. அதற்கான கட்டும் கண்காணிப்பும் வேறு. அதைத் தாதியிடம்தான் பழகவேண்டும், இங்கே வாசித்து அல்ல.

தாய்க்கு வருவோம். சாதாரணப் பிரசவம் என்றாலும் ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கீழே இறங்குகிற மாதிரி பாரம் தெரிந்தால் கழற்றிவிடுங்கள். சிசேரியன் என்றால் தையல் ஆறும் வரை இடுப்புப் பட்டி அந்த இடத்தை அழுத்தக்கூடாது. இழுபடும் துணியை மேல் வயிற்றில் உயரமாகக் கட்டலாம், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. அதுவரைக்கும் அப்பா சுமக்கட்டும். தீட்டுக் கழியும் வரை தாயும் பிள்ளையும் வாசல் இறங்காத வீடுகள்தான் நம்மிடம் அதிகம். அந்த நாட்கள் வீட்டுக்குள்ளேயே கட்டிப் பழகுவதற்குத் தோதானவை.

அரிசிப் பையோடு ஒத்திகை

முதல் முறை பிள்ளையோடு கட்டாதீர்கள். மூன்று கிலோ அரிசியை ஒரு பையில் கட்டி, துவாயில் சுற்றி, அதை வைத்துப் பழகுங்கள். பொம்மையில் பாரம் தெரியாது, அரிசியில் தெரியும். கை தானாக நகரும் வரை கட்டி அவிழ்த்துப் பாருங்கள்.

பிள்ளையோடு கட்டும் நாளில் கட்டிலுக்குப் பக்கத்தில், கட்டிலைப் பார்த்து நில்லுங்கள். யாராவது ஒருவர் கூட நிற்கட்டும். பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றிய பிள்ளையாக இருக்கவேண்டும். பசியில் கத்தும் பிள்ளையை வைத்துக்கொண்டு யாராலும் கட்டமுடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்த்த கையோடும் வேண்டாம், வழுக்கும். கண்ணாடி இல்லாவிட்டால் ஃபோனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து அலுமாரியில் சாய்த்து வையுங்கள். தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளையின் கன்னத்தில் அச்சுப் பதியும். பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதமோ கறுப்புக் கயிறோ இருந்தால் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வைக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இழுபடும் துணியைக் கட்டுவது

துணியின் நடுப்பகுதியை, பெரும்பாலும் அங்கே ஒரு லேபிள் இருக்கும், மேல் வயிற்றில் அகலமாக விரித்துப் பிடியுங்கள். இரண்டு முனையையும் கக்கத்துக்குக் கீழாக முதுகுக்குக் கொண்டுபோங்கள். அங்கே குறுக்காக மாற்றி, வலப்பக்க முனையை இடத் தோளாலும் இடப்பக்க முனையை வலத் தோளாலும் முன்னால் எடுங்கள். துணி முறுக்கிக்கொள்ளாமல் தோளில் விரிந்து கிடக்கவேண்டும், முறுக்கினால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும்.

இப்போது முன்னால் தொங்கும் இரண்டு முனையையும், வயிற்றில் இருக்கும் குறுக்குப் பட்டைக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் மேலிருந்து கீழாக நுழைத்து இழுங்கள். கீழே வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு, இடுப்பைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் இரட்டை முடிச்சுப் போடுங்கள். நீளம் மிச்சமிருந்தால் திரும்ப முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் கட்டலாம். பிள்ளையை வைப்பதற்கு முன்பே துணி உடம்போடு ஒட்டியிருக்கவேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் இடம் வேண்டுமே என்று தளர்த்தித்தான் கட்டுவார்கள். துணி இழுபடும், பிள்ளைக்கு இடத்தை அது தானே கொடுக்கும்.

இனிப் பிள்ளை. நெஞ்சில் இரண்டு பட்டை குறுக்காகப் போகிறதல்லவா, அதில் எது உடம்போடு ஒட்டிய உள்பட்டை என்று பாருங்கள். வெளிப்பட்டை இருக்கும் தோளில் பிள்ளையை உயரமாகச் சாய்த்து, ஏப்பம் எடுக்கத் தட்டும்போது பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கள். ஒரு கை எப்போதும் பிள்ளையின் முதுகில் இருக்கவேண்டும். மற்றக் கையை உள்பட்டைக்குள் கீழிருந்து விட்டு, பிள்ளையின் பாதத்தைப் பிடித்து மெல்ல வெளியே எடுங்கள். அந்தப் பட்டையைப் பிள்ளையின் குண்டிக்குக் கீழே ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை விரித்து, மேலே முதுகிலும் விரித்துவிடுங்கள். அதற்கப்புறம் மற்றக் காலை வெளிப்பட்டைக்குள்ளால் எடுத்து அதையும் அப்படியே விரியுங்கள். கடைசியாக, கீழே இருக்கும் குறுக்குப் பட்டையைப் பிள்ளையின் கால்களுக்கு மேலாக இழுத்து, குண்டியை மூடி, முதுகு வழியாகப் பிடரிவரை ஏற்றிவிடுங்கள். பாதம் இரண்டும் பக்கவாட்டில் வெளியே தெரியட்டும். இந்த மூன்று பட்டையும் சேர்ந்துதான் தாங்கும். ஒன்றைச் சோம்பல்பட்டு விட்டால் கட்டு பாதுகாப்பில்லை.

பிறகு இரண்டு கையாலும் பிள்ளையின் முழங்கால் மடிப்பைப் பிடித்து மெல்ல மேலே தூக்கி, குண்டி கீழே அமரும்படி விடுங்கள். முழங்கால் குண்டியைவிட உயரத்தில் வரும், முதுகு இயல்பாக லேசாக வளைந்து நிற்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, கன்னம் உங்கள் நெஞ்சில் படவேண்டும். துணி பிடரியோடு நின்றுவிட வேண்டும். தலை ஆடுகிறது என்று தோன்றினால் ஒரு மெல்லிய கைத்துண்டைச் சுருட்டித் துணியின் மேல் விளிம்பில் செருகிக் கழுத்துக்குத் தாங்கல் கொடுக்கலாம். துணியைத் தலைக்கு மேலே இழுத்துவிடாதீர்கள்.

ரிங் ஸ்லிங்

இதில் பாதி வேலை துணியைக் கோர்ப்பதில் இருக்கிறது. வளையமில்லாத முனையைக் கொசுவம் வைக்கிற மாதிரி ஒழுங்காக மடித்து எடுங்கள். சேலை கட்டிப் பழகிய கைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இரண்டு வளையத்துக்குள்ளும் கீழிருந்து மேலாக விட்டு, திருப்பி, மேல் வளையத்துக்கு மேலாகவும் கீழ் வளையத்துக்கு உள்ளாகவும் எடுத்து இழுங்கள். வளையத்தில் மடிப்புகள் வரிசையாக விரிந்து நிற்கவேண்டும். மேல் விளிம்பு மேலே, கீழ் விளிம்பு கீழே. ஒன்றுக்கொன்று சிக்கியிருந்தால் இறுக்கவே முடியாது.

தலையால் மாட்டி, வளையம் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வரும்படி வையுங்கள். இறுக்க இறுக்க அது கொஞ்சம் கீழே இறங்கும் என்பதால் முதலில் தோளிலேயே வைத்தாலும் சரி. துணி முதுகில் அகலமாக விரிந்திருக்கவேண்டும். வளையம் இல்லாத தோளில் பிள்ளையைச் சாய்த்து, கீழிருந்து கையை விட்டு, இரண்டு காலையும் துணிக்கு உள்ளால் எடுங்கள். கீழ் விளிம்பைக் குண்டிக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி அளவு நன்றாகச் செருகி, முழங்காலிலிருந்து முழங்கால்வரை விரியுங்கள். இந்தச் செருகல்தான் இருக்கை. அது இல்லையென்றால் பிள்ளை கால் நீட்டி உதைக்கும்போது கீழால் வழுகும்.

இறுக்குவதை ஒரே இழுப்பில் செய்யாதீர்கள். ஒரு கையால் பிள்ளையின் குண்டியைத் தாங்கிப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கையால், வளையத்திலிருந்து தொங்கும் துணி வாலில் மேல் விளிம்பின் மடிப்பை மட்டும் தேடிப் பிடித்து இழுங்கள். பிடரியில் துணி ஒட்டுவது தெரியும். அடுத்து நடு மடிப்பு, முதுகு ஒட்டும். கீழ் மடிப்பைக் கடைசியாக, கொஞ்சமாக. அதை அதிகம் இழுத்தால் இருக்கை கலைந்துவிடும். முடிந்ததும் வளையத்துக்குக் கீழே ஒரு சாணாவது வால் மிச்சம் தொங்கவேண்டும். ஒரு பக்கத் தோளிலேயே எப்போதும் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பக்கிள் கேரியர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடுப்புப் பட்டியை நினைப்பதைவிட உயரமாகக் கட்டுங்கள். தோள் பட்டியைப் பிள்ளையின் முகம் முத்தமிடும் உயரத்துக்கு வரும்வரை இழுங்கள். வெளியே பார்க்கும்படி வைப்பதெல்லாம் கழுத்து உறுதியான பிறகு, ஐந்தாறு மாதத்துக்கு மேல். இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

காலும் இடுப்பும், பெரியவர்களும்

ஸ்லிங்கில் பிள்ளை கால் அகட்டி இருப்பதைப் பார்த்ததும் வீட்டில் ஒரு குரல் வரும், கால் வளைந்துவிடும் என்று. பிறந்த பிள்ளையின் கால் மடங்கி அகன்றுதான் இருக்கும், கர்ப்பத்துக்குள் அப்படித்தான் இருந்தது. இடுப்பு மூட்டின் கிண்ணம் முதல் மாதங்களில் இன்னும் முற்றாத குருத்தெலும்பு. தொடை அகன்று, முழங்கால் உயர்ந்து இருக்கும்போது எலும்பின் உருண்டை கிண்ணத்துக்குள் நன்றாக உட்காரும். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் கெடுதி. ஜப்பானில் 1970-களில் பிள்ளையின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்த பிறகு இடுப்பு மூட்டு விலகல் வெகுவாகக் குறைந்தது. பெண் பிள்ளை, கால் முன்னால் வந்த பிள்ளை, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு விலகல் இருந்த பிள்ளை என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

கைச்சூடு பழகிவிட்டால் கீழே இறங்காது என்பது அடுத்த குரல். மொன்றியலில் செய்து 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், பகலில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறு வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். ஆனால் ஏற்கெனவே விடாமல் அழும் பிள்ளைக்கு இது மருந்தாகவில்லை என்று பின்னால் செய்த இன்னொரு ஆய்வு காட்டியது. ஆகவே ஸ்லிங்கில் போட்டும் அழுகிறதே என்று மனம் தளரவேண்டாம்.

பெரியவர்களோடு நான் வாதம் செய்யமாட்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். தோட்டத்துக் கிளினிக் ஒன்றில் மழை நாளில் பார்த்தது. வரிசையில் நின்ற மருமகளின் ஸ்லிங்குக்கு மேலே, பிள்ளையின் அப்பாயி போட்ட ஒரு கம்பளிச் சால்வை வந்து விழுகிறது. “காத்து மூஞ்சில அடிக்குதும்மா.” மருமகள் முகம் திரும்பாமல் சால்வையை எடுத்துத் தன் முதுகில் போட்டுக்கொள்கிறாள். “மூஞ்சி தெரியணும் அப்பாயி. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கமா நில்லுங்க, காத்து மறைஞ்சிரும்.” அப்பாயி நகர்ந்து நின்று காற்றை மறைத்தார். கிளினிக் முடியும்வரை அந்த இடத்தை விடவில்லை.

குளிரும் மழையும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி விழும். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை. எந்தப் பக்கம் இருந்தாலும் பிள்ளைக்கு என்ன உடுத்துவது என்ற கேள்வி தினமும் வரும்.

கணக்கு இதுதான். ஸ்லிங் ஒரு உடுப்பு, உங்கள் உடம்பு இன்னொரு உடுப்பு. இழுபடும் துணி என்றால் மூன்று மடிப்பு. ஆகவே உள்ளே ஒரு பருத்திச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். தடித்த ஸ்வெட்டரும் பஞ்சு வைத்த உடுப்பும் உள்ளே போட்டால் பிள்ளை புழுங்கும், கட்டும் சரியாக இறுகாது, தாடைக்குக் கீழே துணி குவியும். குளிருவது காலும் தலையும்தான். காலுக்கு முழங்கால்வரை வரும் தளர்வான சொக்ஸ், தலைக்கு மெல்லிய குல்லா. நாடா கட்டும் குல்லா வேண்டாம். வீட்டுக்குள் வந்ததும் குல்லாவைக் கழற்றுங்கள். கை, கால் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ விரலை வைத்துப் பாருங்கள், அங்கே இளஞ்சூடு இருந்தால் சரி. வியர்த்திருந்தால் கூடிவிட்டது.

இன்னும் குளிர் என்றால் உங்கள் ஜாக்கெட்டை இருவருக்கும் சேர்த்து வெளியே போடுங்கள். ஸிப்பைப் பிள்ளையின் தோளோடு நிறுத்துங்கள். மழைக்குக் குடைதான், பெரிய குடை. பொலித்தீன், படங்கு, மழைக்கோட்டு எதையும் பிள்ளையின் தலைக்கு மேலாக இழுத்து மூடாதீர்கள், ஐந்து நிமிட நடைக்குக்கூட வேண்டாம். குடை தாங்காத மழை என்றால் கடைத் தாழ்வாரத்தில் நின்று விட்டுப் போங்கள். கிளினிக் பிந்தினால் மிஸ் ஏசுவார், அவ்வளவுதான்.

நடக்கும்போதும் வேலையிலும்

படி இறங்கும்போது உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது, பிள்ளை மறைக்கும். பாசி பிடித்த படியில் தேய்ந்த ரப்பர் செருப்போடு போகாதீர்கள். ஒரு கை எப்போதும் சும்மா இருக்கட்டும், விழப்போனால் பிடிப்பதற்கு. எதையாவது எடுக்கக் குனியவேண்டும் என்றால் இடுப்பால் குனியாமல் முழங்காலை மடித்துக் குந்துங்கள், ஒரு கையால் பிள்ளையின் பிடரியை அணையுங்கள். அட்டை கடித்துவிட்டது என்று திடீரென்று குனிகிறவர்கள்தான் அதிகம். கடிக்கட்டும், அது எங்கும் போய்விடாது. நின்று, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, பிறகு குந்தி எடுங்கள்.

விறகடுப்புப் பக்கம் ஸ்லிங்கோடு போகக்கூடாது. புகையும் தீயும் ஒரு காரணம், துணியின் வால் இன்னொரு காரணம். சூடான பிளேன்டீயைப் பிள்ளையின் தலைக்கு மேலே வைத்துக் குடிப்பதும் கூடாது. சாம்பிராணி போட்டால் பிள்ளையோடு வெளியே வந்துவிடுங்கள். வீடு கூட்டலாம், உடுப்பு மடிக்கலாம், கறிக்கு வெட்டுவது வேண்டாம்.

காரில் போனால் ஸ்லிங் சீட்டுக்குப் பதிலாகாது. பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கைதான் பாதுகாப்பு. ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அதற்கு வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டோ என்றால் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, வளைவுகளில் மெல்லப் போகச் சொல்லுங்கள். பஸ்ஸில் நின்று போகாதீர்கள், கூச்சப்படாமல் இடம் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். உட்கார்ந்ததும் பிள்ளையின் முகத்தைக் கட்டாயம் பாருங்கள். நாம் உட்காரும்போது வயிறு மடிந்து பிள்ளையை மேலே தள்ளும், தாடை நெஞ்சில் மடிவது அப்போதுதான். கோச்சியில் கதவோரம் நிற்கவேண்டாம். மோட்டார் சைக்கிளில் ஸ்லிங்கோடு ஏறவே கூடாது.

பிரசவ லீவு முடிந்து பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் பெயர் கொடுத்து வேலைக்கு, போகும் நாள் வந்தால் பிள்ளையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். சரிவு, மழை, மருந்து அடிக்கும் மலை, முதுகில் பாரம், இதெல்லாம் சேர்ந்தால் எந்தக் கட்டும் பாதுகாப்பில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போக வர, பால் கொடுக்கப் போக, வீட்டில் வைத்திருக்க ஸ்லிங் போதும்.

பாலும் தூக்கமும் துவைப்பதும்

முதல் கிழமைகளில் பால் கொடுக்கப் பிள்ளையை வெளியே எடுங்கள். பழகிய பிறகு ஸ்லிங்கைத் தளர்த்தி உள்ளேயே கொடுக்கலாம். குடிக்கும் நேரம் முழுக்க மூக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். முடிந்ததும் மறுபடி நிமிர்த்தி, உயர்த்தி, இறுக்கவேண்டும். மார்பில் வாய் வைத்தபடியே தூங்கவிட்டுவிட்டு வேலை பார்க்காதீர்கள்.

பிள்ளை ஸ்லிங்கில் தூங்கலாம், நீங்கள் தூங்கக்கூடாது. இரவெல்லாம் கண் விழித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தால் கண் தானாக மூடும். அப்படித் தோன்றினால் பிள்ளையைக் கழற்றிப் படுக்கவையுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து முகத்தைப் பாருங்கள், மூச்சைக் கேளுங்கள். முனகல், இழுத்து இழுத்து விடும் மூச்சு, உதட்டில் நீலம், எழுப்பினாலும் எழாத தளர்ச்சி, இதில் எது தெரிந்தாலும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நிற்காமல் பிள்ளையை மேலால் தூக்கி வெளியே எடுங்கள். சரியாகாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

துவைப்பது மலையகத்தில் தனிப் பிரச்சினை. ஐந்து மீற்றர் இழுபடும் துணி மழைக்காலத்தில் காய இரண்டு மூன்று நாளாகும். ஈரம் முழுதும் போகாத துணியைக் கட்டினால் பிள்ளைக்குக் குளிர் பிடிக்கும். அடுப்புக்கு மேலே காயப்போட்டால் புகை நாறும், பிள்ளையின் மூக்கு அந்தத் துணிக்குப் பக்கத்தில்தான் இருக்கப்போகிறது. முடிந்தால் இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மழைக்காலத்துக்கு ரிங் ஸ்லிங்கை எடுங்கள், சீக்கிரம் காயும். கஞ்சி போடாதீர்கள், வாசனை லிக்விட் ஊற்றாதீர்கள். துவைத்த ஒவ்வொரு முறையும் தையலையும் வளையத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பிள்ளை ஏழு கிலோவை நெருங்கும்போது இழுபடும் துணி தொய்யத் தொடங்கும். காலையில் இறுக்கிக் கட்டியும் அரை மணி நேரத்தில் முத்தமிடும் உயரத்திலிருந்து இறங்கியிருந்தால் அதன் காலம் முடிந்தது. அப்போது பக்கிள் கேரியருக்கோ நெய்த துணிக்கோ மாறுங்கள். முதுகில் சுமப்பது பிள்ளை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு.